துலாக்கூலி முதல் விளம்பரம் வரை: கொச்சி வணிகப் பணிச்சொற்களின் வரலாறு

0. முன்னுரை

வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பண்டங்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். மிளகு எங்கு விளைந்தது, எவ்வழிச் சென்றது, என்ன விலைக்கு விற்றது என்பனவே அவர்தம் வினாக்கள். ஆயின் பண்டம் தானே கைமாறுவதில்லை. அதனை நிறுப்பவர் வேண்டும், காப்பவர் வேண்டும், சலித்துத் தரம் பிரிப்பவர் வேண்டும், வாங்குவோரையும் விற்போரையும் இணைப்பவர் வேண்டும், இன்ன பண்டம் இங்குக் கிடைக்கும் என்று அறிவிப்பவரும் வேண்டும். இன்று வணிகச் சேவை என்றும் சந்தைப்படுத்தல் என்றும் வழங்குபவை இப்பணிகளே. இவற்றைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றைக் கொச்சித் துறைமுகப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொச்சியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருப்பெற்றது என்பர். 1500-இல் போர்த்துக்கீசியர் வந்தனர்; 1663-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர்; 1795-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மட்டாஞ்சேரியில் யூதர், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வணிகம் செய்தனர். கொச்சி அரச குடும்பத்தின் இருப்பிடமோ கிழக்கே திருப்பூணித்துறையில் அமைந்தது. அங்கு 1865-இல் எழுந்த மலை அரண்மனை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. ஆக, ஆணை பிறந்த இடம் ஒன்று. விலை பிறந்த இடம் மற்றொன்று. இவ்விரண்டின் மொழியும் எங்கு ஒன்றின, எங்குப் பிரிந்தன என்பதைச் சொற்கள் வழியே காணலாம்.

1. செப்பேடுகளில் வணிகப் பணிகள்

கேரளக் கரையின் வணிகப் பணிகளைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் தலையாயது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849-இல், வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய இச்சாசனத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. நிறைகோல் முதலிய அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பு தரிசாப்பள்ளிக்கு அளிக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. எடை பொய்க்கலாகாது என்பதற்காக, வாங்குவோரும் விற்போரும் ஒருங்கே நம்பும் ஓரிடத்தில் எடைக்கோல் வைக்கப்பட்டது. நம்பிக்கையை ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கும் இம்முறையே வணிகச் சேவையின் அடிப்படை எனலாம்.

இரண்டாவது சான்று கொச்சி யூதர் போற்றிக் காத்த செப்பேடு. கி.பி. 1000 அளவில் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து இசுப்பு இரப்பானுக்கு வழங்கியது அது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தோடு அது தொடர்புடையது. அஞ்சுவண்ணத்தோடு எழுபத்திரண்டு உரிமைகளும் இதன்வழி அளிக்கப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, குடை, பறை, காளம், தோரணம் போன்றவை அவற்றுள் சில. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. பறையும் காளமும் முன்செல்ல, குடைநிழலில் வரும் வணிகன் அரசனால் ஏற்கப்பட்டவன் என்பதை எழுத்தறியாதவரும் அறிவர். அவன் சொல் செல்லும். அவன் கடன் நிற்கும். மதிப்பைப் பறைசாற்றுதல் என்று இன்றும் நாம் கூறும் தொடர் இத்தகைய வழக்கத்திற்கு நேர்ப்பொருளாகவே பொருந்துகிறது.

இச்செப்பேட்டில் நீக்கப்படும் கட்டணங்கள் இரண்டு: உல்கு, துலாக்கூலி. உல்கு என்பது சுங்கம். திருக்குறளிலும் பயிலும் பழஞ்சொல். துலாக்கூலி என்பது நிறுத்துக் கொடுத்தமைக்குரிய ஊதியம். முன்னது பண்டத்தின்மேல் விழுவது. பின்னது பணியின்மேல் விழுவது. 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் பெயரிலும் இதே இருகூறு உண்டு. வரியின் தன்மையும் அளவும் முற்றிலும் வேறாயினும், பண்டம் வேறு, பண்டத்தைச் சுற்றிய பணி வேறு என்னும் பாகுபாடு இக்கரையின் மொழியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்டது.

2. சென்ற சொற்களும் வந்த சொற்களும்

கடல்வணிகத்தால் இக்கரையினின்றும் ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற சொற்கள் பல. தேக்கு, கயிறு, கொப்பரை, வெற்றிலை, மாங்காய், சக்கை ஆகியவை போர்த்துக்கீசியத்தின் வழியாகவோ நேராகவோ ஆங்கிலத்தில் புகுந்தன. இவையனைத்தும் பண்டப் பெயர்கள். இதற்கு மாறாக, இங்கு வந்து சேர்ந்த சொற்களுள் பணியையும் முறையையும் குறிப்பன மிகுதி. ஏலம், கமிஷன், ஏஜென்சி, இன்வாய்ஸ், டெலிவரி என்பவற்றை நோக்குக. பண்டம் விளைந்த இடத்தின் பெயரோடு சென்றது. பணி அதனைச் செய்ய வந்தவரின் பெயரோடு வந்தது. இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாம். ஆனால் விலக்குகளும் உள.

முதல் விலக்கு கிடங்கு. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கும் இச்சொல்லே மலாய் மொழியில் குதாங் எனவும் ஆங்கிலத்தில் கோடவுன் எனவும் ஆயிற்று என்பது மொழிநூலார் பலரின் கருத்து. அதுவே குடோன் என்ற உருவில் தமிழுக்குத் திரும்பியுள்ளது. தன் மகள் வேற்றூர் சென்று வேறு பெயரோடு திரும்பியதை அறியாத தாய்போல, இன்று தமிழர் குடோனைக் கிடங்கு என்று மொழிபெயர்க்கின்றனர்.

இரண்டாவது பண்டகசாலை. வடமொழி மூலமுடைய இச்சொல் மலையாளத்தில் பாண்டிகசாலை என வழங்குகிறது. மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் காயலை நோக்கி நிற்கும் பழைய சரக்குக் கட்டடங்கள் பாண்டிகசாலைகளே. போர்த்துக்கீசியர் இதனைத் தம் மொழியில் ஏற்றனர், ஆங்கிலமும் ஏற்றது. தமிழ்நாட்டிலோ இருபதாம் நூற்றாண்டில் கூட்டுறவு இயக்கம் இச்சொல்லைக் கைக்கொண்டது. கூட்டுறவுப் பண்டகசாலை என்றால் அரிசியும் பருப்பும் வாங்கும் சில்லறைக் கடை என்பதே தமிழர் அறிந்த பொருள். ஒரே சொல் ஓரிடத்தில் ஏற்றுமதியாளனின் இருப்பிடமாகவும் மற்றோரிடத்தில் நுகர்வோனின் கடையாகவும் நிற்கிறது.

மூன்றாவதாகக் கூலி. துலாக்கூலியில் உள்ள இச்சொல் உழைப்பிற்கு ஈடான ஊதியத்தைக் குறித்தது. ஆங்கிலத்தில் அது ஊதியத்தை விட்டு ஆளைக் குறித்தது. இச்சொல்லின் மூலம் பற்றிக் குஜராத்தின் கோலி இனப்பெயரைச் சுட்டும் வேறொரு கருத்தும் உண்டு. மூலம் எதுவாயினும், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளில் குடியேறிய தமிழர்மீது அச்சொல் வசையாக வீசப்பட்டது. பணியின் பெயர் பணியாளனின் இழிபெயராதல் மொழியில் நிகழும் கொடுமைகளுள் ஒன்று.

தரம் பிரிக்கும் பணியில் மற்றொரு விந்தையைக் காணலாம். கொச்சியிலிருந்து ஏற்றுமதியாகும் மிளகில் தூய்மை செய்யப்பெற்றது மலபார் கார்பிள்ட் எனப்படும். கார்பிள் என்னும் ஆங்கிலச் சொல் சலித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து இத்தாலியம் வழியாக வந்தது. பொதுவழக்கு ஆங்கிலத்தில் இன்று அச்சொல்லுக்குச் சிதைத்துக் கூறுதல் என்பது பொருள். மிளகு வணிகத்தில் மட்டும் சலித்தல் என்னும் பழம்பொருள் வாழ்கிறது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் சல்லடை பிடித்து அப்பணியைச் செய்தவர்களுள் பெண்கள் பெரும்பான்மையர். புடைத்தல், சலித்தல், கொழித்தல் என அப்பணியின் ஒவ்வொரு கூறுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. எனினும் தரச்சான்றில் ஏறியது அவர்கள் அறியாத சொல்லே.

3. தரகின் மௌனமும் ஏலத்தின் கூவலும்

தரகு என்னும் சொல் பழமையானது. பல்லவர், சோழர் காலச் சாசனங்களின் வரிப்பட்டியல்களில் அது காணப்படுகிறது. கேரளத்தில் தரகன் என்பது கிறித்தவர் உள்ளிட்டோரின் குடிப்பெயராகவும் பட்டப்பெயராகவும் நிலைத்தது. தமிழ்நாட்டில் தரகர் என்றால் சற்றே ஐயத்தோடு நோக்கும் மனநிலை உண்டு. கேரளத்தில் அதுவே பெருமைக்குரிய பெயர். வணிகத்தை வேளாண்மையை ஒட்டிய பணியாகக் கண்ட சமூகமும் கடலை ஒட்டிய பணியாகக் கண்ட சமூகமும் ஒரு சொல்லை இருவேறு நிறையில் நிறுத்தன எனக் கருதலாம்.

தரகு எவ்வாறு நடந்தது என்பதற்கு அயலார் குறிப்பு ஒன்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டைக் கண்ட இத்தாலியப் பயணி லுதோவிக்கோ தி வர்த்தேமா, விற்போரும் வாங்குவோரும் தரகர் முன்னிலையில் துணியால் கையை மறைத்து விரல்களைத் தொட்டு விலை பேசியதை எழுதியுள்ளார். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டின் அடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. தரகு என்பது மௌனத்தின் தொழில். அருகில் நிற்பவனுக்கும் விலை தெரியாது.

இதற்கு நேர்மாறானது ஏலம். போர்த்துக்கீசியத்தில் லெயிலாவோ எனப்படும் சொல்லே இதன் மூலம். அதனை அறிவிப்பு, கொடி என்னும் பொருளுடைய அரபு வேரோடு இணைத்துக் கூறுவர். ஆசிய மொழிகளில் இச்சொல் பரவிய வகை ஒலியியல் நோக்கில் சுவையானது. மலையாளத்தில் லேலம், மராத்தியில் லிலாவ், இந்தியில் நீலாம், மலாயில் லெலாங், தெலுங்கில் வேலம், தமிழில் ஏலம். இந்தியில் இரண்டு லகரங்களுள் முதலாவது நகரமாகத் திரிந்தது. தமிழிலோ முதல் லகரம் கெட்டது. லகரம் சொல்லின் முதலில் வாராது என்பது தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை கூறும் விதி. வழக்கமாக இத்தகைய சொற்களின் முன் இகரமோ உகரமோ சேர்ப்பது தமிழ் மரபு. இலவங்கம், உலோகம் என்பன காண்க. லேலம் என்பதில் முன்னொட்டுச் சேராது முதல் மெய்யே வீழ்ந்தது. இது புலவர் அவையில் ஏற்ற சொல் அன்று, சந்தை வாயில் வழங்கித் தேய்ந்த சொல் என்பதற்கு இவ்வொலி மாற்றமே தக்க சான்று. சிங்களமோ ஒல்லாந்தச் சொல்லைக் கொண்டு வெந்தேசிய என்கிறது. கன்னடம் ஹராஜு என்கிறது. யார் முதலில் கூவினரோ அவர் சொல் நின்றது.

லகரம் கெட்டதனால் தமிழில் ஓர் ஒப்புருச் சொல்லும் தோன்றியது. நறுமணப் பொருளாகிய ஏலமும் விற்பனை முறையாகிய ஏலமும் ஒன்றாயின. மலையாளத்தில் ஏலம் வேறு, லேலம் வேறு. இம்மயக்கத்தைத் தவிர்க்கவே தமிழர் ஏலக்காய் ஏலம் என்று காய் சேர்த்து வழங்குகின்றனர் போலும். போடிநாயக்கனூர் வணிகர்க்கு இத்தொடர் அன்றாடச் சொல்.

போர்த்துக்கீசியத்தோடு தமிழ் கொண்ட தொடர்பில் கொச்சிக்குத் தனியிடம் உண்டு. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் இரண்டாவதாகக் கருதப்படும் கிரிசித்தியானி வணக்கம் 1579-இல் கொச்சியில் அச்சிடப்பட்டது. கொச்சிக்கு வடக்கே அம்பழக்காட்டில் 1679-இல் அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி வெளியாயிற்று. எனினும் ஏலம், சாவி, அலமாரி, பீப்பாய் முதலிய சொற்கள் நூல்வழி வந்தவை அல்ல. துறைமுகத்துப் பேச்சுவழி வந்தவை.

ஏலம் கொச்சியில் நிலைபெற்ற அமைப்பாயிற்று. 1947-இல் கொச்சித் தேயிலை ஏலம் தொடங்கியது. 1957-இல் மட்டாஞ்சேரியில் அமைந்த மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கத்தின் கூடத்தில் முன்பேர வணிகம் கூவி நடந்தது. தரகர் ஒருவரையொருவர் நோக்கி உரத்துக் கூவிய விலை, நாட்டின் பல பகுதிகளில் மிளகு விலைக்கு அளவுகோலாயிற்று. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கணினி வழி வணிகம் பரவவே அக்கூவல் ஓய்ந்தது. இன்று போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் ஏலக்காய் ஏலம் கணினித் திரையில் நடைபெறுகிறது. மௌனத்தில் தொடங்கிய பேரம் கூவலைக் கடந்து மீண்டும் மௌனத்தை அடைந்துள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: துணிக்கு அடியில் விலை மறைந்திருந்தது, திரையில் விலை தெரிகிறது, ஆள் மறைந்துள்ளான்.

4. விளம்பரம்: அரசாணையும் வணிக அறிவிப்பும்

தமிழில் விளம்பரம் என்றால் பொருளை விற்பதற்கான அறிவிப்பு. மலையாளத்தில் விளம்பரம் என்றால் அரசின் பிரகடனம். 1809-இல் வேலுத்தம்பி வெளியிட்டது குண்டறை விளம்பரம். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்டது கோயில் நுழைவு விளம்பரம். வணிக அறிவிப்பிற்கு மலையாளம் வழங்கும் சொல் பரஸ்யம். வெளிப்படையானது, பலரறிய நிகழ்வது என்பது அதன் பொருள். திருப்பூணித்துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் செல்லும் தமிழர் ஒருவர், பழைய அரச ஆவணத்தில் விளம்பரம் என்று கண்டு கடை அறிவிப்பு என மயங்க இடமுண்டு.

விளம்பு என்னும் வினை சொல்லுதலைக் குறிக்கும். அழைத்தலைக் குறிக்கும் விளி என்பதும் இதனோடு ஒரே வேரினது எனக் கருத இடமுண்டு. மலையாளத்தில் லேலம் விளி என்பது ஏலம் கூறுதல். ஆகவே அரசன் விளம்பியதும் வணிகன் விளித்ததும் ஓரினச் செயல்களே. மலையாளம் அரசனின் குரலுக்கு அச்சொல்லை ஒதுக்கிக்கொண்டது. தமிழ், அச்சு ஊடகம் பெருகிய காலத்தில், அதனை வணிகனின் குரலுக்கு வழங்கிவிட்டது.

அச்சு ஊடகத்திற்கும் கொச்சி வணிகர்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1881-இல் கொச்சியில் தோன்றிய கேரளமித்திரம் என்னும் மலையாள இதழை நடத்தியவர் தேவ்ஜி பீம்ஜி என்னும் குஜராத்தியர். ஆசிரியர் கண்டத்தில் வர்க்கீஸ் மாப்பிள்ளை. வணிகம் செய்ய வந்த சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், வாங்குவோரின் மொழியில் இதழ் நடத்தியமை நினைவில் கொள்ளத்தக்கது. வாங்குவோனிடம் பேச வேண்டுமாயின் அவன் மொழியில் பேச வேண்டும் என்பதை இக்கரை வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

5. புதிய சொற்களும் அவற்றின் தேர்வும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு மொழிகளும் வணிகக் கலைச்சொற்களை உருவாக்கின. தமிழ் நுகர்வோர் என்றது. மலையாளம் உபபோக்தாவு என்றது. நுகர்தல் என்னும் வினை மலையாளத்திலும் உண்டு என்பது குறிக்கத்தக்கது. தமிழ் சந்தைப்படுத்தல் என்றது. மலையாளம் விபணனம் என்றது. முன்னது ஆங்கிலச் சொல்லமைப்பைப் பின்பற்றியது; பின்னது வடமொழி வேரிலிருந்து பெற்றது. அங்காடி என்னும் சிலப்பதிகாரச் சொல் மலையாளப் பேச்சில் இடையறாது வாழ்கிறது. தமிழில் அது பேச்சில் அருகி, நியாயவிலை அங்காடி போன்ற அரசுப் பெயர்களால் மீட்கப்பட்டது.

சேவை என்பதன் பொருள்மாற்றம் தனியே ஆராயத்தக்கது. வைணவ வழக்கில் சேவை என்பது இறைவனைக் காண்டல். இன்று வாடிக்கையாளர் சேவை என்கிறோம். வாடிக்கை என்பது பழக்கம். பழகி வருபவர் வாடிக்கையாளர். நுகர்வோர் என்னும் சொல்லில் பொருளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு உண்டு. வாடிக்கையாளர் என்னும் சொல்லில் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு உண்டு. சட்டம் முன்னதைத் தேர்ந்தது. கடை பின்னதை விரும்புகிறது. இரண்டும் வேண்டும்.

6. சிப்பத்தின்மேல் எழுத்து

சொற்களை ஆக்கியதோடு பணி முடிந்ததா என்பதே இங்கு எழும் வினா. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக 2020-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் சட்டமும் பொருளின் தரம், அளவு, விலை பற்றி அறியும் உரிமையை நுகர்வோர்க்கு வழங்குகின்றன. ஆனால் சிப்பமிட்ட பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி, நிகர எடை, விலை முதலியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ குறித்தால் போதும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் கடையின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என விதி உண்டு. கடைக்குள் இருக்கும் சிப்பத்திற்கு அவ்விதி இல்லை. வாயிலில் தமிழ், வாங்கும் பொருளில் விருப்பம்.

தரிசாப்பள்ளிச் செப்பேட்டை மீண்டும் நோக்குக. சாசனத்தின் உள்ளடக்கம் இந்நாட்டு மொழியில் வட்டெழுத்தில் உள்ளது. சான்றொப்பமிட்ட அயல்நாட்டு வணிகரோ அரபு, பாரசீகம், யூத-பாரசீகம் ஆகியவற்றில் தத்தம் எழுத்தில் ஒப்பமிட்டுள்ளனர். ஒருவருக்குத் தெரியாத எழுத்தில் அவர் கடப்பாடு ஏற்கவில்லை. எடைக்கோலைப் பொதுவிடத்தில் வைத்த அச்சமூகம் எழுத்தையும் அவரவர்க்கு உரியதாக வைத்தது. இன்று எடை துல்லியமாயிற்று. அவ்வெடையைக் கூறும் எழுத்தோ வாங்குவோர் பலருக்கு அயலாக நிற்கிறது. காலாவதி நாளை எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத மூதாட்டிக்கு, நுகர்வோர் என்னும் தூய தமிழ்ச் சொல்லால் மட்டும் பயன் விளையாது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பண்டம், பணி என்னும் பாகுபாடு இக்கரை மொழியில் உல்கு, துலாக்கூலி என்னும் சொற்களால் முன்னரே அமைந்திருந்தது. இரண்டு, பண்டப் பெயர்கள் வெளிச்செல்வதும் பணிப்பெயர்கள் உள்வருவதும் பொதுப்போக்கு. கிடங்கு, பண்டகசாலை, கூலி ஆகியவை விலக்கு. மூன்று, ஏலம் போன்ற கடன்சொற்கள் தமிழின் ஒலியமைதிக்கு அடங்கியே நிலைத்தன. அவை சந்தையில் தமிழ் வாழ்ந்தமைக்குச் சான்றேயன்றித் தளர்ந்தமைக்குச் சான்றல்ல. நான்கு, விளம்பரம் போன்ற பொதுச்சொற்கள் இரு மொழிகளில் இருவேறு நிறுவனங்களுக்கு உரியவாயின. இவற்றை ஒப்பிட்டுத் தொகுத்த வணிகச்சொல் அகராதி ஒன்று தமிழுக்கும் மலையாளத்திற்கும் தேவை.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் ஏலத்தின் வரலாற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று. அச்சொல்லை எக்குழுவும் ஆக்கவில்லை; கேட்டவர்க்கு விளங்கியதனால் அது நின்றது. சந்தைப்படுத்தல், நுகர்வோர் போன்ற சொற்கள் நிற்க வேண்டுமாயின், அவை அகராதியினின்றும் இறங்கிச் சிப்பத்தின்மேலும் ஏலத்திரையிலும் ஒப்பந்தத் தாளிலும் ஏறுதல் வேண்டும். திருப்பூணித்துறை என்னும் ஊர்ப்பெயரில் துறை என்பது நீர்த்துறை; இன்றைய நிறுவனங்களில் துறை என்பது அலுவற் பிரிவு. நீரில் இறங்குமிடத்தைக் குறித்த சொல் தொழிலில் இறங்குமிடத்தைக் குறிப்பதாக வளர இயன்றதெனில், தமிழ்ச் சொற்கள் புதிய வணிகத்தில் இறங்குவதற்கு மொழி தடையன்று. விதியும் வழக்கமுமே தடை. அவை மாற்றத்தக்கவை.